பொருளாதார மேற்படிப்பும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

(விழுப்புரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

உயர்தரக் கல்வியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி காரியக் கமிட்டியார் எனக்குக் கட்டளையிட்டார்கள். அது கடல் போன்ற விஷயம். ஆகையால் அதில் ஒரு துறையில் மாத்திரம் இறங்கலாமென்று எண்ணுகிறேன். இம்மன்றத்தில் வைத்தியப் படிப்பைப் பற்றியும் என்ஜினீயர் படிப்பைப் பற்றியும் வருஷந்தோறும் பிரசங்கங்கள் நடந்துவருகின்றன. பொருளாதார சாஸ்திரத்தைப் பற்றி, அதிலும் எம்.ஏ. வகுப்பிலும் அதற்கு மேலும் கற்பிக்கப்படும் நுண்ணினப் பொருளியலைப் பற்றி, எவரும் பேசக் கேட்டதில்லை. நம்மவர் வீடுகளில் ஒரு பிள்ளை பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்தான் என்றால், வேறிடம் கிடைக்கவில்லை போலும் என்று பரிதாபப்படுவதே வழக்கமாயிருக்கிறது. அவ்வழக்கத்துக்கு மாறாகச் சிறிது வாதாடவே இங்கு வந்தேன்.

முதலில் இந்தச் சாஸ்திரம் எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். தேசத்தின் மொத்த வருமானம், நாணயத்தின் மதிப்பு, சர்க்காரின் வரவுசெலவு ஆகியவற்றை ஆராய்வது பேரினப் பொருளியல். ஒரு குடும்பம் கையிலுள்ள பணத்தை எப்படிப் பங்கிட்டுச் செலவழிக்கிறது, ஒரு குடியானவர் கரும்பு வைப்பதா மணிலா வைப்பதா என்று எப்படித் தீர்மானிக்கிறார், கடன் கொடுப்பவர் எவரை நம்புகிறார், ஏலத்தில் வியாபாரி எவ்வளவுக்குக் கேட்கிறார் என்பனவற்றை ஆராய்வது நுண்ணினப் பொருளியல். கீழ் வகுப்புகளில் இதனைச் சில வளைகோடுகளைக் கொண்டு கற்பித்து முடித்துவிடுகிறார்கள். மேல் வகுப்பிலோ, ஒவ்வொரு வாக்கியத்தையும் கணிதத்தில் எழுதி, இன்ன நிபந்தனைகள் இருந்தால் இன்ன முடிவு தப்பாது என்று நிரூபித்துக் காட்டும்படி கேட்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவே. ஆயினும் அந்த வித்தியாசத்தில் இடறிவிழுந்த பிள்ளைகள் அநேகர்.

இது எங்கோ சீமையில் பிறந்த சாஸ்திரம், நமக்கு அதில் என்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லவேண்டும். 1915-ஆம் வருஷத்தில் சென்னை ஸர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கென ஓர் ஆசிரியர் பதவி ஏற்பட்டு, கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் அதில் அமர்ந்தார். அவர் தம் மாணாக்கர்களைப் பார்த்து, புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிராமங்களுக்குப் போய் நிலம் எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது, கூலி என்ன, கடன் என்ன என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அவ்வாறு எழுதப்பெற்ற கிராமங்களைத் தொகுத்து அவர் 1918-இல் வெளியிட்ட நூலில் பழைய தென்னாற்காடு ஜில்லாவின் சார்பாக இடம்பெற்ற ஊர் எது தெரியுமா? நமது அரசூருக்குப் பக்கத்தில், திருச்சி நெடுஞ்சாலையோரம் இருக்கும் இருவேல்பட்டு! ஆங்கிலத்தில் அதன் பெயரை எருவெள்ளிப்பேட்டை என்பதுபோல எழுதிவைத்தார்கள். அதனால் நம்மவரில் பலருக்கு அது நம் இருவேல்பட்டுதான் என்பதே தெரியாது.

கதை அத்துடன் முடியவில்லை. பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930-களின் பிற்பகுதியில் அவ்வூர்களை மறுபடியும் ஆராய்ந்து 1940-இல் நூலாக்கினார்கள். 1961-இல் ஒருமுறை, 1980-களின் தொடக்கத்தில் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும் ஒருமுறை, 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் என்னும் மூவர் ஒருமுறை என, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் அந்த ஒரு கிராமத்தைத் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறார்கள். பெரு நிலக்காரரின் ஆதிக்கம் எவ்வாறு தளர்ந்தது, பண்ணையாட்களாயிருந்தவர்கள் எவ்வாறு ஒருவரையே அண்டிப் பிழைக்கும் நிலையிலிருந்து மீண்டார்கள், விவசாயத்துக்குப் புறம்பான வேலைகள் எவ்வாறு பெருகின என்பதையெல்லாம் அவ்வாராய்ச்சிகளில் காணலாம். உலகத்தில் இத்தனை முறை இவ்வளவு நுட்பமாக ஆராயப்பெற்ற கிராமங்கள் மிகச் சிலவே. அந்த ஊருக்குச் சில மைல் தூரத்தில் பிறந்து, எம்.ஏ. பட்டமும் பெற்று, அவ்வாராய்ச்சிகளில் ஒன்றையேனும் கண்ணால் பார்த்தறியாத பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். குற்றம் பிள்ளைகளுடையதன்று, எடுத்துக் கையில் கொடுப்பார் இல்லை. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிவிட்டார்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துச் சரி பார்க்கவும், பிழையிருந்தால் எடுத்துச் சொல்லவும் நம்மில் ஆள் வேண்டுமல்லவா?

இனிச் சாஸ்திரத்தின் உள்ளே நுழைவோம். இங்கே வந்திருப்பவர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் மல்லாட்டை மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோனவர்கள். அங்கே நடப்பது மறைமுக ஏலம். வியாபாரிகள் குவியலைப் பார்த்து, ஆளுக்கொரு சீட்டில் விலையை எழுதிப் போடுகிறார்கள். அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. இந்த ஏலத்தைப் பற்றி வில்லியம் விக்ரி என்பவர் 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1996-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவருடைய கணக்கை நம் ஊர்ச் சரக்குக்குப் பொருத்திச் சொல்கிறேன்.

ஒரு வியாபாரிக்கு அந்தச் சரக்கு 6,000 ரூபாய் பெறும் என்று வையுங்கள். அவர் 6,000 என்று எழுதுவாரா? எழுதினால் லாபமே இல்லை. ஆகையால் குறைத்தே எழுதுவார். எவ்வளவு குறைப்பார் என்பது எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொருவருடைய மதிப்பும் பூஜ்யத்திலிருந்து 9,000 வரையில் எங்கும் சமவாய்ப்பாக இருக்கலாம் என்று கணக்கின் சௌகரியத்துக்காக வைத்துக்கொள்வோம். அவரையும் சேர்த்து இருவரே ஏலத்தில் இருந்தால் அவர் எழுதும் விலை 3,000. ஐவர் இருந்தால் 4,800. விற்கிறவருக்குச் சராசரியாகக் கிடைக்கும் விலையைப் பார்த்தால், இருவர் உள்ள ஏலத்தில் 3,000, ஐவர் உள்ள ஏலத்தில் 6,000, எண்மர் உள்ள ஏலத்தில் 7,000 என்று வருகிறது. மூட்டையும் அதுவே, மல்லாட்டையும் அதுவே. கூடத்தில் வந்து நின்ற ஆட்களின் தொகைதான் மாறியது.

இன்னொன்றையும் விக்ரி நிரூபித்தார். இதே நிபந்தனைகளின் கீழ், சீட்டெழுதி ஏலம் விட்டாலும் கூவி ஏலம் விட்டாலும் சராசரி விலை ஒன்றே. ஆதலின் மறைமுக ஏலம் நல்லதா, பகிரங்க ஏலம் நல்லதா என்று நாம் திண்ணையில் செய்யும் சண்டையைவிட, வெளியூர் வியாபாரிகளை எப்படி வரவழைப்பது என்ற யோசனையே பிரயோஜனமுள்ளது. ஆனால் வியாபாரிகள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசிக்கொண்டு வந்தால்? அப்போது இரண்டும் ஒன்றல்ல. கூவும் ஏலத்தில் பேச்சை மீறுகிறவனை அக்கணமே கண்டுகொண்டு மேலே கேட்டு அடக்கிவிடலாம். சீட்டில் எழுதும் ஏலத்தில் ஒருவன் ரகசியமாக மீறலாம். ஆகவே கூட்டுச்சதி இருக்குமென்று சந்தேகமுள்ள இடத்தில் சீட்டே குடியானவருக்குத் துணை. இப்படி நிபந்தனைக்கு நிபந்தனை முடிவு எவ்வாறு மாறுகிறது என்று பிரித்துக் காட்டுவதே இந்தச் சாஸ்திரத்தின் வேலை. 2010-இல் இந்திய சர்க்கார் மூன்றாம் தலைமுறைத் தொலைபேசி அலைவரிசையை ஏலம் விட்டபோது ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய் வந்தது. 2020-இல் ஏலக் கோட்பாட்டுக்காகவே மில்க்ரம், வில்சன் என்னும் இருவருக்கு நோபெல் பரிசு கொடுத்தார்கள். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான மணிலா ரகங்கள் டி.எம்.வி. என்று ஊர்ப்பெயரையே தாங்கித் தேசமெங்கும் போயின. விதைக்குச் செய்த ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கேனும் அதன் விலைக்கு நம் பிள்ளைகள் செய்யலாகாதா?

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கர், விற்பவனுக்குத் தெரிந்த குறை வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தையே எப்படிக் கெட்டுப்போகிறது என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. நான்காவது பத்திரிகை 1970-இல் வெளியிட்டது. 2001-இல் அவருக்கு நோபெல் பரிசு! (பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளைகள் இதைக் கவனிப்பார்களாக.) அக்கட்டுரையில் பழைய மோட்டார் வண்டி வியாபாரத்தை உதாரணமாகக் காட்டியவர், பிறகு இந்தியக் கிராமத்தில் கடன் கொடுப்பவரிடம் வருகிறார். பட்டணத்து பாங்கியைவிடப் பன்மடங்கு வட்டி அவர் எப்படி வாங்க முடிகிறது? இன்னார் திருப்பிக் கொடுப்பார், இன்னார் கொடுக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரியாது. வெளியார் ஒருவர் குறைந்த வட்டிக்குக் கொடுக்க வந்தால், திருப்பிக் கொடுக்கும் உத்தேசமில்லாதவர்களே அவர் வாசலில் வந்து நிற்பார்கள். வட்டி வாங்குவது பாவம் என்று சொல்லிக்கொண்டே நாமும் வட்டி கட்டிவருகிறோமே, அதன் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லி நான் படித்ததில்லை.

அந்த அக்கர்லாஃபே 1976-இல் ஜாதியைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். இந்தச் சபையில் அதைச் சொல்லச் சிறிது தைரியம் வேண்டும். சொல்லாமல் போவது நேர்மையாகாது. கட்டுப்பாட்டை மீறியவனைத் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைக்கப்பட்டவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்தவனையும் தள்ளிவைப்பார்கள் என்ற அச்சம் ஒன்று இருந்துவிட்டால் போதும், மனத்துக்குள் எவரும் விரும்பாத வழக்கங்கூட நிலைத்து நிற்கும் என்று அவர் கணக்கால் காட்டினார். வரதட்சணையை எண்ணிப் பாருங்கள். தனித்தனியே கேட்டால் அதை வெறுக்காத தகப்பனார் நம்மில் யார்? ஆயினும் ஒருவர் மாத்திரம் நிறுத்தினால் அவர் பெண்ணுக்கு வரன் கிடைக்காது என்ற பயத்தால் எல்லோரும் தொடர்கிறோம். இத்தகைய முடிச்சு ஒருவர் இழுத்து அவிழ்வதன்று. பலர் ஒரே நாளில் சேர்ந்து விட்டால் அவிழும். இப்படி ஒரு சங்கத்தால்தான் அது ஆகும் என்று நான் சொன்னால், சங்கம் இதுவரை என்ன செய்தது என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே.

நம்மைப் போன்ற கூட்டங்களால் நன்மையும் உண்டு என்று அளந்து காட்டியவர்களும் உளர். ராபர்ட் டவுன்செண்ட் என்பவர் ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய பகுதிகளின் வறண்ட கிராமங்களை ஆராய்ந்து 1994-இல் எழுதினார். ஒரு குடும்பத்தின் வருமானம் திடீரென்று விழுந்தாலும் அதன் சாப்பாட்டுச் செலவு அவ்வளவாக விழுவதில்லை. உற்றாரும் அண்டை அயலாரும் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் எல்லோர் வயலும் ஒரே நாளில் மூழ்கினால் யார் யாரைத் தாங்குவது? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நமது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியது. இருவேல்பட்டுப் பக்கமெல்லாம் வெள்ளம். அப்போது மாமன் மைத்துனன் உதவி எவ்வளவு தூரம் எட்டியது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரே ஜில்லாவில் ஒரே தொழிலில் இருக்கும் உறவு, தனி விபத்துக்குக் காப்பு. பொது விபத்துக்குக் காப்பாகாது. கய்வன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வீக்கும் 2016-இல் மற்றொன்றும் சொன்னார்கள்: ஊரைவிட்டுப் போனால் இந்த உறவுக் காப்பு போய்விடுமே என்ற அச்சத்தாலும், பட்டணத்தில் கூலி அதிகமாயிருந்தும் இந்தியக் கிராமத்து ஆண்மக்கள் பெயர்ந்து போகாமல் நின்றுவிடுகிறார்கள் என்று.

அவ்விருவரின் 2006-ஆம் வருஷத்துக் கட்டுரை நம் வீட்டுப் பெண்மக்கள் கேட்கவேண்டியது. பம்பாய் தாதர் பகுதிப் பள்ளிக்கூடங்களை ஆராய்ந்தார்கள். ஆலை முதலான தொழில்களில் தத்தம் ஜாதியாரின் சிபாரிசு கிடைக்கும் என்பதனால், உழைப்பாளி ஜாதிகளின் ஆண்பிள்ளைகள் தாய்மொழிப் பள்ளியிலேயே பெரும்பாலும் சேர்க்கப்பட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு அத்தகைய சிபாரிசு வழி இல்லை. ஆகவே அவர்கள் ஆங்கிலப் பள்ளிகளில் சேர்ந்து, மேல்ஜாதிப் பெண்களுக்குச் சமமாக வந்துகொண்டிருந்தார்கள். ஜாதியின் உதவி பையன்களைப் பழைய தொழிலில் கட்டிப்போட்டது. உதவி கிடைக்காத பெண்கள் முன்னேறினார்கள்! நமது மண்டியிலும் கடையிலும் பையனை உட்காரவைத்துவிட்டு, பெண்ணை மாத்திரம் கல்லூரிக்கு அனுப்பிய வீடுகள் இச்சபையில் எத்தனை என்று நான் எண்ணப் போவதில்லை.

இனி, படிப்பதில் உள்ள சிரமம். மேல் வகுப்புகளில் பெரிதும் வழங்கும் புஸ்தகம் மாஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் என்னும் மூவர் 1995-இல் எழுதியது. ஏறக்குறைய ஆயிரம் பக்கம். தலையணைக்கு உதவும் கனம். மனிதனின் விருப்ப வரிசையில் தொடங்கி, நுகர்வு, உற்பத்தி, நிச்சயமின்மை, ஆட்டக் கோட்பாடு, மறைந்த தகவல், பொதுச் சமநிலை, சமூகத் தேர்வு என்று போகிறது. முதல் அத்தியாயத்தைத் திறந்தவுடன் பையன் பயந்துபோகிறான். பொருளாதாரம் என்று வந்தோம், இது கணிதமாக இருக்கிறதே என்கிறான். உண்மையில் அங்கே தவறுகிறவர்கள் பொருளாதாரம் தெரியாமல் தவறுவதில்லை. வகையிடலும், நேரியல் இயற்கணிதமும், ஒரு நிரூபணத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் சந்தேகமின்றி எழுதும் பழக்கமும் இல்லாமையால் தவறுகிறார்கள். ஆகவே பி.ஏ. படிக்கும் மூன்று வருஷத்திலேயே பக்கத்து வகுப்பில் நடக்கும் கணிதப் பாடத்தில் போய் உட்காரவேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் தமிழில் பாடம் கேட்டவர்கள். ஆங்கிலம் வராதே என்று அஞ்சுகிறார்கள். இந்தச் சாஸ்திரத்தில் ஆங்கிலச் சொற்கள் சில நூறே, மீதியெல்லாம் குறியீடுகள். கணிதத்தில் தேறியவனுக்கு ஆங்கிலம் ஆறு மாதத்தில் வழிவிடும். ஆங்கிலம் மாத்திரம் தெரிந்தவனுக்குக் கணிதம் அவ்வாறு வழிவிடுவதில்லை. பார்த்தசாரதி, டி. ஈ. எஸ். ராகவன் என்னும் இரண்டு தமிழ்க் கணிதர்கள் 1971-இல் இருவர் ஆட்டங்களைப் பற்றி எழுதிய நூல் ஆட்டக் கோட்பாட்டில் மதிக்கப்படுவது. அவர்களும் கணித வாசல் வழியாகவே வந்தவர்கள்.

மனப்பாடம் இங்கே உதவாது. அத்தியாயத்தை நான்கு முறை வாசிப்பதைவிட, அதன் கடைசியிலுள்ள பத்துக் கணக்குகளோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவது மேல். தனியே உட்கார்ந்து பார்த்து, பிறகு இரண்டு மூன்று பேர் கூடி ஒருவர் விடையில் மற்றவர் ஓட்டை கண்டுபிடிக்கவேண்டும். விடைப் புஸ்தகத்தை முதலில் திறப்பவன் அந்தக் கணக்கை இழந்தான்.

இப்படிப்புக்கு இடங்கள் உள்ளன. சென்னையில் 1993-இல் ராஜா செல்லையா முதலியோரின் முயற்சியால் உண்டான சென்னைப் பொருளியல் பள்ளி இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சற்று எட்டிப் போனால் 1949-இல் தொடங்கிய டில்லிப் பொருளியல் பள்ளி, பம்பாயில் ரிசர்வ் பாங்கு ஏற்படுத்திய இந்திரா காந்தி ஆராய்ச்சி நிலையம், மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் ஆகியன. கடைசியாகச் சொன்ன கழகத்தில் போதனைக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் உபகாரச் சம்பளமும் கொடுக்கிறார்கள். பணமில்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளையை நிறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நலம். ஜீவனத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். கல்லூரி ஆசிரியர் வேலை, பாங்கி, ரிசர்வ் பாங்கு, ஆராய்ச்சி நிலையங்கள் ஒருபுறம் இருக்க, 1961-இல் ஏற்பட்ட இந்தியப் பொருளாதாரப் பணி என்று ஒன்று உண்டு. பொருளாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களே அதன் பரீட்சைக்கு உட்காரலாம். அதன் பொருளாதாரத் தாள்களில் முதலாவதில் பெரும்பகுதி நான் இதுவரை சொல்லிவந்த நுண்ணினப் பொருளியல். எடுக்கப்படுவோர் சொற்பம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் பெரிதன்று. இப்போது கொடுக்கும் பரிசுகளில் ஒன்றைப் பொருளாதாரத்திலோ கணிதத்திலோ முதுநிலைக்குப் போகும் மாணாக்கருக்கென ஒதுக்குங்கள். ஒரு வருஷம் ஆண்பிள்ளைக்கு என்றால் மறுவருஷம் பெண்பிள்ளைக்கு. நுழைவுப் பரீட்சைக்கு டில்லி, கல்கத்தா என்று போகவேண்டியிருந்தால் ரயில் சத்தத்தைச் சங்கம் ஏற்கட்டும். திண்டிவனத்திலுள்ள நமது வாசகசாலையில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கணித வகுப்பு நடத்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். எவ்வகுப்பார் பிள்ளையாயினும் அதில் வந்து உட்காரலாம் என்று முதல் நாளே பலகையில் எழுதி மாட்டிவிடவேண்டும். ஏலத்தில் ஆட்கள் பெருகினால் விலை ஏறுவதுபோல, வகுப்பிலும் போட்டி பெருகினால்தான் நம் பிள்ளைகளின் தரமும் ஏறும். மாஸ்-கொலெல் புஸ்தகம் ஒரு பிரதியும், இருவேல்பட்டு ஆராய்ச்சிகளின் பிரதிகளும் அங்கே வாங்கி வைக்கவேண்டும். புஸ்தகத்தின் விலையை நான் கொடுத்துவிடுகிறேன். மற்றவற்றின் செலவைக் கமிட்டியார் அடுத்த மாதக் கூட்டத்தில் கணக்கிட்டுச் சொல்வார்களாக.